சானடோரியத்தில் ஒரு நிமிடத்தின் விலை

கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு நோக்கிப் போகும் மின்ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும், தாம்பரத்துக்கு முன்னால் நிற்கும் நிறுத்தத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். பேச்சு வழக்கில் ‘தாம்பரம்’ உதிர்ந்து வெறும் சானடோரியம் ஆகிவிட்டது. காலை நேரத்தில் பெண்கள் பெட்டியிலிருந்து அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வேலைக்கு ஓடுகிறவர்கள். எங்கே என்று கேட்டால் ‘மெப்ஸ்’ என்பார்கள். 1984இல் மத்திய அரசு தொடங்கிய சென்னை ஏற்றுமதி வளாகம்தான் மெப்ஸ். 2003இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறியது. ஆயத்த ஆடை, மின்னணுக் கருவிகள், மென்பொருள் என்று பலவும் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகின்றன.

நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த சானடோரியம் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. டாக்டர் டேவிட் சௌரி முத்து என்ற தமிழர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன்கூட அங்கே சிறிது காலம் சிகிச்சை பெற்றிருக்கிறார். அந்த சௌரி முத்து ஊர் திரும்பி 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம்தான் பின்னர் அரசு மருத்துவமனையாக வளர்ந்தது. அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. 1940களின் நடுப்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகிய மூன்றும்தான்.

ஒரே ஜி.எஸ்.டி. சாலையில், நடந்து போகும் தொலைவில், இரண்டு நிறுவனங்கள். ஒன்றில் ஓய்வு மருந்தாக இருந்தது. மற்றதைப் போன்ற இடங்களில் ஓய்வு விரயம். வேலையிடத்தில் விரயத்தை ஒழிப்பது பற்றி இன்று பள்ளி, கல்லூரி, தொழிற்சாலை, அரசு அலுவலகம் என எல்லா இடத்திலும் பயிற்சி வகுப்பு நடக்கிறது. அந்த வகுப்புகளில் கேட்கப்படாத ஒரு கேள்வியை இந்தக் கட்டுரையில் கேட்க விரும்புகிறேன். எது விரயம் என்று எழுதியது யார்? அந்த எழுத்தில் பெண்ணின் உடல் எந்த இடத்தில் வருகிறது?

*

முதலில் சொல்லிவிடுகிறேன். விரயத்தை ஒழிப்பதே பெண்களுக்கு எதிரானது என்று நான் வாதாடப் போவதில்லை. இந்தச் சென்னையிலேயே நடந்த ஒரு விரய ஒழிப்பு உலகத்துக்கே நன்மை செய்திருக்கிறது. அதுவும் சானடோரியத்தைப் பற்றியதுதான்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. அப்போது புதிய மருந்துகள் வந்துவிட்டிருந்தன. ஆனால் நோயாளியை ஓராண்டு சானடோரியத்தில் கிடத்தி வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் மாறவில்லை. நாட்டில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆய்வாளர்கள் 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் தங்கள் வீட்டில். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஒரே கால அளவு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், வீடு நெருக்கடி, உடலுழைப்பும் அதிகம். ஆனாலும் குணமானவர்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

ஒரு பெண்ணுக்கு இது என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். ஓராண்டு வீட்டை விட்டு விலகி, பிள்ளையை யாரிடமோ விட்டு, திரும்பி வரும்போது தன் இடம் இருக்குமா என்ற பயத்தோடு படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. இப்படி ஒழிந்த விரயத்தின் பலன் நோயாளியின் கைக்கே வந்தது. ஒழிப்பதற்கு முன் அளந்தார்கள், ஒப்பிட்டார்கள். நோயாளிக்குத் தீங்கு நேர்கிறதா, வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று கூடுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நல்ல விரய ஒழிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு இதுதான் உரைகல்.

தமிழாசிரியராக ஒரு சொற்குறிப்பையும் சேர்த்துக்கொள்கிறேன். காசநோய்க்குப் பழைய பெயர்களில் ஒன்று க்ஷயரோகம். க்ஷயம் என்றால் தேய்தல், குறைதல். இன்னொரு பெயர் என்புருக்கி. உடல் விரயமாகிற நோய் என்பதுதான் இரண்டு பெயருக்கும் பொருள். ‘இளைப்பு’ என்றால் மெலிவு, மூச்சிரைப்பு. அது ஆறுவதைத்தான் ‘இளைப்பாறுதல்’ என்கிறோம். ‘விரயம்’ வடமொழியில் செலவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சோதிடத்தில் பன்னிரண்டாம் இடம் விரய ஸ்தானம். அதே இடத்துக்கு அயன சயன ஸ்தானம் என்றும் பெயர் உண்டு. சயனம் என்றால் படுக்கை. உறக்கத்தையும் செலவையும் ஒரே கட்டத்தில் போட்டவர்கள் நம் முன்னோர். எனக்குச் சோதிடத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஓய்வை இழப்பாகப் பார்க்கும் பழக்கத்தை ஆலைகள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு இது சாட்சி.

*

ஆலைகள் செய்தது வேறு. அவை அந்த இழப்பை வினாடியில் அளக்கத் தொடங்கின.

இதன் மூலவர் பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர். தையல்காரரையும் நாம் ‘டெய்லர்’ என்றே சொல்வதால் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களிடம் இவரைப் பற்றிப் பேசும்போது குழப்பம் வரும். இந்த டெய்லர் அமெரிக்கப் பொறியாளர். 1911இல் அவர் வெளியிட்ட ‘அறிவியல் மேலாண்மையின் கோட்பாடுகள்’ என்ற நூலில் ஷ்மிட் என்ற தொழிலாளியின் கதை புகழ்பெற்றது. நாளுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் தூக்கியவரை நாற்பத்தேழரை டன் தூக்க வைத்த கதை. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை. மேலாண்மைப் பாடம் படிக்கிற மாணவர்கள் எல்லோருக்கும் ஷ்மிட்டைத் தெரியும்.

அதே நூலில் வரும் பெண்களை யாரும் பேசுவதில்லை. சைக்கிளுக்கான எஃகுக் குண்டுகளைப் பரிசோதிக்கும் 120 இளம்பெண்கள் அவர்கள். இடது கைப் புறங்கையில் குண்டுகளை வரிசையாக உருட்டி, வெளிச்சத்தில் பார்த்து, கீறல் விழுந்ததைக் காந்தத்தால் எடுத்துப் போடுவது வேலை. நாளுக்குப் பத்தரை மணி நேரம். அவர்கள் நேரத்தில் பெரும்பகுதி சோர்விலும் பேச்சிலும் கழிகிறது என்று கண்டு வேலை நேரத்தைப் படிப்படியாக எட்டரை மணியாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் இடைவேளை. அந்தப் பத்து நிமிடத்தில் எழுந்து நடக்கவும் பேசவும் ஊக்கப்படுத்தினார்கள். கூலி 80 முதல் 100 சதவீதம்வரை கூடியது. மாதத்தில் தாங்களே தேர்ந்துகொள்ளும் இரண்டு நாள், தொடர்ச்சியாக, சம்பளத்தோடு விடுப்பு எல்லா இளம்பெண்களுக்கும் தர வேண்டும் என்றுகூட டெய்லர் எழுதியிருக்கிறார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நமக்குத் தெரியும். மாதவிடாய் விடுப்பு பற்றி இன்று நாம் சண்டை போடும்போது, செயல்திறன் என்ற கருத்தைப் பரப்பியவரின் நூலிலேயே அதன் சாயல் இருப்பது நினைவில் இருக்கட்டும்.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். முடிவில் 120 பேர் செய்த வேலையை 35 பேர் செய்தார்கள். 85 பேர் வீட்டுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் மிக நேர்மையானவர்களும் கடுமையாக உழைத்தவர்களும் இருந்தார்கள் என்று டெய்லரே ஒப்புக்கொள்கிறார். கண்டதும் கை இயங்கும் வேகம் அவர்களுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். இருந்த 35 பேரையும் வேலை நேரத்தில் பேச முடியாத தூரத்தில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். ஓய்வைக் கொடுத்தார்கள்; பேச்சை எடுத்தார்கள். இரண்டும் அளந்து செய்யப்பட்டவை.

டெய்லரின் காலத்தவர்களான பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி வேலையின் அசைவுகளைப் படம் பிடித்துப் பகுத்தார்கள். தேடுதல், எடுத்தல், பிடித்தல், பொருத்துதல் என்று பதினெட்டு அளவிலான அடிப்படைக் கூறுகள். தங்கள் குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு அவற்றுக்கு ‘தெர்பிளிக்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பட்டியலில் ‘சோர்வு தீர ஓய்வு’ என்பதும் ஒரு கூறு. வேலையின் கூறுகளில் ஒன்றாகவே ஓய்வை எண்ணினார்கள். 1916இல் இருவரும் சோர்வைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள்.

லில்லியன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மேலாண்மையின் உளவியல் பற்றிய அவருடைய நூல் 1914இல் வந்தபோது, ஆசிரியர் பெண் என்று தெரியாதிருக்க முதலெழுத்துகளை மட்டும் போட்டு அச்சிட்டார் பதிப்பாளர். 1924இல் கணவர் இறந்ததும் கணவரோடு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனங்கள் பல விலகின. பதினோரு பிள்ளைகளோடு நின்ற அவர், பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே தொழிற்கூடமான சமையலறையை ஆராயத் தொடங்கினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. விரய ஒழிப்பு அறிவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான பெண்ணின் திறமையையே அந்த உலகம் விரயமாக்கப் பார்த்தது.

*

சென்னைக்கு வருவோம். 1918இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று அது. அவர்கள் பி.பி. வாடியாவிடம் சொன்ன முக்கியக் குறைகளில் ஒன்று மதிய இடைவேளை. அரை மணி நேரத்தில் கை கழுவி, வரிசையில் நின்று, சாப்பிட்டுத் திரும்ப முடியவில்லை. கூலிக்கு இணையாக நிமிடமும் கோரிக்கையானது. இந்நகரத்தின் தொழிலாளர் வரலாறே ஒரு விதத்தில் நிமிடத்துக்கான சண்டையில் தொடங்குகிறது.

விடுதலைக்குப் பின் ‘உற்பத்தித் திறன்’ தேசியச் சொல்லானது. 1958இல் தேசிய உற்பத்தித் திறன் கழகம் அமைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலை ஆய்வு பற்றிய கையேட்டை வெளியிட்டது. பிறகு பல பதிப்புகள் கண்ட அந்த நூல் நம் பொறியியல் கல்லூரிகளில் பாடநூல் போலவே பயன்பட்டது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துக் கணக்கிட்ட பிறகு, அதனோடு சேர்க்க வேண்டிய தளர்வு நேரத்துக்கு அதில் ஒரு மாதிரி அட்டவணை உண்டு. சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கு 7 சதவீதம். அடிப்படைச் சோர்வுக்கு இருவருக்கும் 4 சதவீதம். நின்றபடி செய்யும் வேலை என்றால் ஆண்களுக்கு மேலும் 2, பெண்களுக்கு 4. சொந்தத் தேவை என்றால் தண்ணீர் குடிப்பது, கழிப்பறை போவது, கை கழுவுவது. இந்த வரியை ஒவ்வொரு ஆடைத் தொழிற்சாலைச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் என்று ஒரு கணக்கால் விளக்குகிறேன். சட்டையில் ஒரு பாகத்தைத் தைக்க, தளர்வு சேர்க்காமல், 27 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு 7, சோர்வுக்கு 4, ஆக 11 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 30 வினாடி. அதாவது அரை நிமிடம். மணிக்கு 120 பீஸ். எட்டு மணி நேரத்தில் 960. ஒவ்வொரு பீஸிலும் மூன்று வினாடி அந்தப் பெண்ணுடையது. 960 பீஸுக்கு 2,880 வினாடி, அதாவது 48 நிமிடம். டார்கெட்டை நேர்மையாகப் போட்டிருந்தால், அவள் கழிப்பறைக்குப் போகும் நேரம் ஏற்கெனவே அந்த 120 என்ற எண்ணுக்குள் இருக்கிறது. அவள் எழுந்து போனால் கம்பெனியின் நேரம் எதுவும் குறைவதில்லை; தன் கணக்கில் இருக்கும் நேரத்தைத்தான் எடுக்கிறாள். தளர்வைச் சேர்க்காமல் மணிக்கு 133 என்று எழுதியிருந்தால், அந்த 13 பீஸும் அவள் குடிக்காத தண்ணீரிலிருந்து வருகிறது.

*

என் வகுப்பில் தொழிற்சொற்களைத் திரட்டும் ஒரு பணியை ஆண்டுதோறும் கொடுப்பேன். வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை அகராதி போல எழுதி வர வேண்டும். பல்லாவரம், அனகாபுத்தூர், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தாம் அதிகம். லைன், பீஸ், பண்டில், ஹெல்பர், செக்கிங், ஆல்ட்ரேஷன், டார்கெட் என்று ஆடைத் தொழிலின் சொற்கள் வந்து குவியும். ஒரு மாணவி ‘தண்ணி பாட்டில்’ என்று எழுதியிருந்தாள். இது எப்படித் தொழிற்சொல் என்று கேட்டேன். “எங்கம்மா தினமும் நிரப்பி எடுத்துட்டுப் போவாங்க மேடம். அப்படியே திரும்பக் கொண்டுவருவாங்க” என்றாள்.

அந்த அம்மா தென் புறநகரில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் பதினோரு ஆண்டு டெய்லராக இருந்தவர். பிறகு சந்தித்துப் பேசினேன். மணிக்கொரு முறை பலகையில் எண் எழுதுவார்கள். கழிப்பறைக்கு டோக்கன் உண்டு. ஒரு லைனுக்கு ஒன்று. அது வேறொருத்தியிடம் இருந்தால் காத்திருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்கிய செலவைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். “வேஸ்ட்னா என்னன்னு எங்களக் கேட்டிருந்தா ஒரு நோட்டு முழுக்க எழுதிக் கொடுத்திருப்போம் டீச்சர்” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்ட பட்டியல் இது. வெட்டுப் பிரிவில் அளவு தப்பி வரும் துணி. அதைத் தைத்துப் பிரித்து மறுபடி தைப்பது. நூல் நிறம் வரவில்லை என்று முழு லைனும் கை கட்டி உட்கார்ந்திருப்பது. வந்த பிறகு அதற்கும் சேர்த்து ஓடுவது. பழுதான மிஷினுக்கு மெக்கானிக் வரும்வரை காத்திருப்பது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேட வேண்டும். மலிவான ஊசி அடிக்கடி உடையும். சாயங்காலம் வாசலில் பையைச் சோதிக்கும் வரிசை. அதற்குச் சம்பளம் கிடையாது.

இந்தப் பட்டியலைப் படிக்கும் மேலாண்மை மாணவிக்கு ஆச்சரியமாக இருக்கும். டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ வகுத்த ஏழு விரயங்களில் காத்திருப்பு, பழுதான பொருள், தேவையற்ற அசைவு எல்லாம் உண்டு. மேலாண்மைப் பட்டப்படிப்பு படிக்காத ஒரு டெய்லர் அதையே சொல்கிறார். ஜப்பானிய முறை சென்னைக்குப் புதிதல்ல. 1998இல் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவுக்கு அது முதல் முறை. இன்று மறைமலை நகர், ஒரகடம் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஐந்து எஸ் பலகை தொங்குகிறது. ஆனால் அந்த முறையில் ஒழிக்க வேண்டியவை மூன்று. முடா என்றால் விரயம். முரா என்றால் சீரின்மை. ஒரு மணி நேரம் சும்மா இருத்தி அடுத்த மணி நேரம் துரத்துவது. முரி என்றால் தாங்க முடியாத சுமையை மனிதர் மீதோ இயந்திரத்தின் மீதோ ஏற்றுவது. டோக்கன் வைக்கிற இடங்களில் முடா என்ற சொல் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. மற்ற இரண்டும் வழியில் எங்கோ இறக்கி வைக்கப்பட்டுவிட்டன.

உடலின் சுமை மறையாது, இடம் மாறும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசி வெளியிட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர்கள் பெயர் அச்சிடாத மாத்திரை கொடுத்தார்கள், விடுப்புக்குப் பதிலாக. டெய்லர் 1911இல் எழுதிய இரண்டு நாள் விடுப்பு நூறாண்டு கழித்து இங்கே பெயரில்லாத மாத்திரையாகச் சுருங்கியிருந்தது.

*

மிச்சமான நேரம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. 120 பீஸ் எடுத்த பெண்ணுக்கு மறுவாரம் 130 என்று எழுதினால், அவள் மிச்சப்படுத்திய நிமிடம் அவளிடம் இல்லை. இதை அனுபவத்தில் கற்றதால்தான் லைனில் வேகமான கை கொண்டவர்கள் வேகத்தைக் காட்டுவதில்லை. அதைச் சோம்பல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சேமிப்பாகத் தெரிகிறது.

வீட்டிலும் இதே கணக்குத்தான். 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். மிக்சியும் கிரைண்டரும் நம் தோளை மிச்சப்படுத்தியது உண்மை. 2011இல் தமிழக அரசு அவற்றை இலவசமாகக் கொடுத்தபோது கேலி செய்தவர்களில் அம்மியில் அரைத்தவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது. ஆனால் கருவி மிச்சப்படுத்திய நேரத்தில் புதிய வேலை வந்து உட்காரும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வந்த தம் நூலில் காட்டியது இதைத்தான்: வீட்டுக் கருவிகள் பெருகப் பெருக வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகள் குறைந்தன, தாயின் வேலை நேரம் குறையவில்லை. ஆலையில் எட்டரை மணிக்குக் கச்சிதமாக ஓடத் தொடங்கும் லைனுக்குப் பின்னால் நாலரை மணிக்கு எரியத் தொடங்கிய அடுப்பு இருக்கிறது. அந்த நான்கு மணி நேரம் எந்தச் செயல்திறன் அறிக்கையிலும் வருவதில்லை.

சட்டம் இதையெல்லாம் அறியாததல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீர், கழிப்பறை, நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தால் குழந்தைகள் காப்பகம், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. தொழிற்சாலைக்குச் சொன்ன இருக்கை கடைக்கு வர எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கோழிக்கோட்டில் பி. விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் துணிக்கடைப் பெண்களுக்காகப் போராடியதன் பின் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் உட்காரும் உரிமையைச் சேர்த்தது. குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் பண்டிகைக் காலத்தில் புடவை எடுக்கப் போகும்போது, கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருக்கை இருந்தும் உட்காராமல் நிற்கும் பெண்ணிடம், சட்டத்துக்கும் சூப்பர்வைசரின் பார்வைக்கும் இடையே உள்ள தூரத்தைக் காணலாம்.

*

படித்த பெண்களின் வேலையிடமும் இதற்கு விலக்கல்ல. நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் ஒரே வருகைப் பட்டியலைப் பதிவேட்டில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை, தர மதிப்பீட்டுக் கோப்புக்காக ஒரு முறை எழுதினோம். அதை ஒரு முறையாகக் குறைக்கலாம் என்று துறைப் பெண்கள் எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. ஆனால் பணியாளர் அறையில் டீ குடிக்கும் இருபது நிமிடம் பதினைந்தாகக் குறைக்கப்பட்டது. மேலிருந்து பார்க்கிறவருக்கு எங்கள் டீ கண்ணில் பட்டது. மூன்று முறை எழுதும் கை படவில்லை. அந்த இருபது நிமிடத்தில்தான் யாருக்குக் காய்ச்சல், யார் வகுப்பை யார் எடுத்துக்கொள்வது, எந்த மாணவி இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் பேசி முடிவாகும். துறை நடந்தது அங்கேதான்.

அதனால்தான் கடிகாரத்தை வெறுப்பதால் பயனில்லை என்று நினைக்கிறேன். அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. இதற்கு வரலாற்றில் முன்மாதிரி உண்டு. பெண்களே பெரும்பான்மையாக இருந்த அமெரிக்காவின் சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம் 1941இல் தனக்கென்று ஒரு மேலாண்மைப் பொறியியல் துறையையே அமைத்தது. முதலாளி தரப்பு நேரக் கணக்கைச் சங்கத்தின் ஆட்கள் தாங்களும் அளந்து சரிபார்த்தார்கள். பீஸ் ரேட் நியாயமா என்று எண்ணுக்கு எண் வாதாடினார்கள்.

தாம்பரத்துப் பெண்ணுக்கு இது எட்டாத வித்தை அல்ல. டார்கெட் பலகையில் ஓர் எண் எழுதப்பட்டதும் கேட்க வேண்டியவை நான்கே. இந்த எண்ணுக்கு அடிப்படை நேரம் எத்தனை வினாடி? தளர்வு எத்தனை சதவீதம் சேர்த்தீர்கள்? நூல் வராமலும் மிஷின் ஓடாமலும் நின்ற நேரத்தை யார் கணக்கில் எழுதினீர்கள்? மிச்சமான நிமிடத்தில் எங்களுக்கு எவ்வளவு? தனியாகக் கேட்டால் வேலை போகும். ஒரு லைனே சேர்ந்து, எழுத்தில், சட்டப் பிரிவோடு கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மேலாண்மையும் பொறியியலும் படிக்கிற மாணவிகளுக்கு ஒன்று. நாளை நீங்கள்தான் அந்தக் கடிகாரத்தோடு லைனில் நிற்கப் போகிறீர்கள். சேத்துப்பட்டில் 193 பேரைப் பின்தொடர்ந்தவர்கள், எதை நீக்கினாலும் அதனால் ஓர் உடலுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்து அளந்தார்கள். உங்கள் ஆய்வுத் தாளிலும் அதற்கு ஒரு பத்தி வையுங்கள். லைனில் உள்ள பெண்கள் காலையில் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீரில் மாலையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை அதில் எழுதுங்கள்.